எட்டுச் செலவுக்கு ஒரு ஹொட்டோக்

செப்ரெம்பர் 3, புதன்

இன்று மண்டபத்தில் நின்றவர்கள்: என் மூத்தவன் பாஸ்கரன், கறுப்புக் கோட்டு. அவன் பெண்சாதி நளாயினி, செத்த வீட்டுக்கும் கழுத்தில் அட்டியல். இளையவன் கிருபாவின் பெண்சாதி வதனி. அவர்களுடைய மகள் ஆரணி, யூனிவேர்சிற்றியில் முதலாம் வருசம். வதனியின் தமக்கைமார் இரண்டு பேர், என்னோடு கதையில்லாதவர்கள், இன்றும் கதைக்கவில்லை. மரியதாஸ், ரோட்டில் கிருபாவின் ஹொட்டோக் வண்டிலுக்கு எதிர்க்கரையில் தானும் ஒரு வண்டில் வைத்திருப்பவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றான். ஐயர். அவருடைய போன் மடிக்குள் இரண்டு தரம் அடித்தது. நான், பரிமளகாந்தி. கிருபாகரன், பெட்டிக்குள்.

வராதவர்களின் பெயரும் என்னிடம் உண்டு.

பெட்டியைச் சுடுகிற இடத்தில் பொத்தானை யார் அமத்துவது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. ஆரணி அமத்தினாள்.

கிருபா விழுந்தது ஞாயிற்றுக்கிழமை, தன் வண்டிலடியில். லீவு நாள், பந்து விளையாட்டுப் பார்க்கப் போகிற சனம் நிறைய. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் யார் யார் நின்றார்கள் என்று எழுதியிருப்பேன்.

பாஸ்கரன் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. பருப்புக்கு உப்பில்லை.

செப்ரெம்பர் 4, வியாழன்

நான் இருப்பது முதியோர் மாடியில். ஞாயிறு தொடக்கம் இங்கே, கிருபா வீட்டில். இன்று குப்பை எடுக்கிற நாள். பச்சைத் தொட்டியை நான் தள்ளிக்கொண்டு போய் வைத்தேன். ஒரு சில்லு இழுபடுகிறது. கிருபா அதைத் திருத்தவில்லை.

பின்னேரம் பாஸ்கரன் வந்தான். ஞாயிறு எட்டுச் செலவு. செத்தவர் உயிரோடு இருக்கையில் எதை எதை ஆசைப்பட்டுச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். மச்சம் வைக்கலாம், சாராயம் வைக்கலாம், சுருட்டும் வைக்கலாம். ஆசைப்படாததை வைத்தால் பசியோடு போவார். என் புருசன் சின்னத்தம்பிக்கு நான் வைத்ததில் ஒரு குறை சொல்ல எவராலும் முடியவில்லை.

"என்னென்ன வைக்கிறதெண்டு சொல்லுங்கோ அம்மா. நான் கேற்றறிங்காரனுக்குச் சொல்லிவிடுறன்" என்றான் பாஸ்கரன்.

சொன்னேன். முருங்கைக்காய் போட்ட நண்டுக் கறி. கணவாய்ப் பொரியல். மாம்பழத்தோடு புட்டு. ஒடியற் கூழ், அதில் பயற்றங்காய் கிடந்தால் எடுத்துக் கோப்பையின் கரையில் ஒட்டி வைப்பான்.

"அம்மா, உது அவன் பள்ளிக்கூடம் போன காலத்துக் கதை."

"அதுக்கென்ன, நாக்கை மாத்திப் போட்டவனோ?"

மாடிப்படியில் இருந்த ஆரணி, "அப்பாக்கு ஹொட்டோக்தான் வைக்கோணும்" என்றாள்.

பாஸ்கரன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "விசரே பிள்ளை உனக்கு? மாட்டிறைச்சி! படையலிலை!"

"மச்சம் வைக்கலாமெண்டு அப்பம்மா இப்பதானே சொன்னவ."

"மச்சமெண்டா மீன், கோழி. என்ரை ஒவ்பீஸ் ஆக்களும் வருவினம்."

அவன் ஒவ்பீஸ் ஆட்களுக்குத் தன் தம்பி உணவு வியாபாரம் செய்கிறான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறான். இது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

"பெரியப்பா, ஒவ்வொரு நாளும் மத்தியானம் அவர் அதைத்தான் சாப்பிட்டவர்."

"அதைத் தின்னக் கூடாதெண்டுதானே அவங்கள் சொன்னவங்கள்" என்று தொடங்கியவன் நின்றுவிட்டான். வதனி தன் தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கினாள். அவள் அதற்குச் சீனி போட்டிருக்கவில்லை.

"எவங்கள்?" என்று கேட்டேன்.

"ஆரோ. பேப்பரிலை கிடந்தது."

நான் சொன்னேன்: "ஹொட்டோக் வைக்கத்தான் வேணும். மேலை என்ன போட்டுச் சாப்பிடுறவன்? அதைச் சொல்லுங்கோ."

ஒருவரும் சொல்லவில்லை. எந்தக் கலியாணத்தில் எவர் எதை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். இது தெரியாது. கிருபா வண்டில் வைத்து எத்தனையோ வருசம். நான் அந்தப் பக்கம் போனதில்லை. நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் எனக்கு மூச்சு முட்டும்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

காலையில் வதனி குளியலறைத் தட்டில் இருந்த மருந்துப் போத்தல்களைப் பையில் போட்டுக் கட்டினாள். "என்ன பிள்ளை?" என்றேன். "விற்றமின் மாமி" என்றாள்.

கிருபாவின் சேட்டுகளை மடித்தேன். தோய்த்தவை. ஆனாலும் கமக்கட்டுப் பக்கம் வெங்காயம் வாட்டின மணம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை என்றபடியால் சொசேஜ் வாங்கவில்லை, கதைத்தோம். ஆரணி பக்கத்தில் வந்திருந்து சொன்னாள். சொசேஜின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறி வாட்ட வேண்டுமாம், அது பூப்போல விரிந்துவிடுமாம். சொசேஜை வைக்கிற பணிஸின் உள்பக்கம்தான் வாட்ட வேண்டும், வெளிப்பக்கம் பஞ்சாக இருக்க வேண்டும். மேலே கெச்சப் ஒரே ஒரு கோடு. வேறொன்றும் படக் கூடாது.

"அப்பாவும் அப்பிடித்தான் சாப்பிடுறவர், அப்பம்மா."

"எப்ப?"

"நான் சின்னனா இருக்கேக்கை. சனிக்கிழமையிலை என்னை வண்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். எனக்கொண்டு செய்வார், தனக்கொண்டு செய்வார். ரெண்டும் ஒரே மாதிரி."

"அது உன்ரை நாக்கு. நான் கேக்கிறது அவன்ரை நாக்கு."

அவள் அழுதாள். நான் மற்றச் சேட்டை எடுத்தேன்.

வதனியிடம் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது மாமி, வீட்டிலை அவர் அதைத் தொடமாட்டார்" என்றாள். வதனி பொய் சொல்லும்போது காதைத் தடவுவாள். தடவினாள்.

அவளோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கறித்தூள் வழக்கு. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் என் மாடியில் வறுத்து அரைத்து நான்தான் இந்த வீட்டுக்குக் கொடுக்கிறேன். வறுக்கிற நாளில் புகைக்கு அலாம் அடிக்கும். கிருபா கதிரையில் ஏறி நின்று பேப்பரால் விசுக்குவான், நான் கீழே நின்று கிளறுவேன். பெரிய வாளி நிறையக் கொடுத்தனுப்பினால் அடுத்த மாதமே "முடிஞ்சு போச்சம்மா" என்று வந்து நிற்பான். மூன்று பேர் உள்ள வீட்டில் தூள் எங்கே போகும்? தமக்கைமாருக்கு அள்ளிக் கொடுக்கிறாள். ஆரணியின் பிறந்தநாளன்று அத்தனை பேருக்கு முன்னாலும் கேட்டேன். அன்றோடுதான் அந்தத் தமக்கைமார் கதையை விட்டது. வதனி ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. கிருபா கேக் வெட்டுகிற கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

நான் ஒன்றையும் லேசில் மன்னிப்பதில்லை. ஒரு தரம் மன்னித்துப் பார்த்தேன். என் மச்சாள் இராசமலர். எல்லைவேலியை நகர்த்திக் கட்டினவள். சாகக் கிடந்தபோது கையைப் பிடித்து அழுதாள், சரி போ என்று விட்டேன். அதற்குப் பிறகு அவள் முகம் எனக்கு வரவில்லை. மூக்குத்தி இடமா வலமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலியை நகர்த்தின அன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட அதோடு போய்விட்டது. மன்னித்தால் ஆள் போய்விடும். என் தலை அப்படி.

செப்ரெம்பர் 6, சனி

ஆரணியோடு ரயிலில் போனேன். மூச்சு முட்டவில்லை.

கிருபா நின்ற மூலையில் வண்டில் இல்லை. அதைக் கராஜில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது நின்ற நிலம் மட்டும் சதுரமாகக் கறுத்து, எண்ணெய் பிடித்துக் கிடந்தது. பக்கத்து விளக்குக் கம்பத்தடியில் யாரோ பூங்கொத்து ஒன்றும், திறக்காத மஸ்டட் கடுகுப்பசைப் போத்தல் ஒன்றும் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சனம் இப்படியும் படைக்கிறது போல.

எதிர்க்கரையில் மரியதாஸ் கண்டுவிட்டான். "அம்மா! ரயிலிலை வந்தனீங்களோ? உங்களுக்கு மூச்சு முட்டுமெண்டெல்லோ கிருபா சொல்லுவான்."

"அதை விடு. அவன் என்னத்தைச் சாப்பிடுறவன்? அதைக் காட்டு."

"என்னத்தைக் காட்ட? விக்கிறதைச் சாப்பிடமாட்டான் அம்மா. வெடிச்சதைத்தான். இஞ்சை பாருங்கோ, சூடு கூடினா ஒண்டு ரெண்டு வெடிக்கும். அதை ஆக்களுக்குக் குடுக்கேலாது. இறைச்சி சொசேஜிலை இது நல்ல கொழுத்தது, உறைப்புப் போட்டது. வெடிச்ச வாயெல்லாம் கருகி மொறுமொறு எண்டிருக்கும். 'மச்சான், இதின்ரை ருசி காசு குடுக்கிறவனுக்குத் தெரியாது' எண்டுவான்."

வண்டிலின் முன்னால் சின்னச் சின்னப் பெட்டிகளில் எல்லாம் இருந்தது: புளிக்க வைத்த கோவா இலைச் சீவல், சோளம், வெள்ளரிக்காய் ஊறுகாய், வட்டமாக வெட்டின மஞ்சள் மிளகாய், ஒலிவ் காய், வெங்காயம். வாங்குகிறவர்கள் தாங்களே அள்ளிப் போடுகிறார்கள். ஒரு பெண்பிள்ளை எல்லாவற்றையும் போட்டு, சொசேஜ் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் மூடிக்கொண்டு போனாள்.

"உது விளையாட்டு" என்றான் மரியதாஸ். "கிருபா வாட்டின வெங்காயம் வைப்பான். அதுக்கு மேலை மிளகாய். கோவா தண்ணியைப் பிழிஞ்சுபோட்டு ஒரு கிள்ளு. கெச்சப் தொடான், இனிக்குமாம். மஸ்டட் அடியிலை பூசுவான், மேலை இல்லை. கடைசியா இது." வண்டிலுக்குக் கீழேயிருந்து, மூடியில் ஓட்டை போட்ட பேணி ஒன்றை எடுத்தான். "இது அவன்ரை. ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்து வைச்சனான். இஞ்சை ஆக்கள் இதுக்கெண்டே வருவினம். 'கிருபா டஸ்ற்' எண்டு கேப்பினம்."

அப்போதே ஒரு கோட்டுப் போட்டவன் வந்து அந்தப் பேணியைத்தான் கை காட்டினான். மரியதாஸ் அவனுக்கு இல்லை என்று தலையாட்டினான்.

நான் பேணியை வாங்கி மணந்து பார்த்தேன். என் தூள். ஆடி மாதம் வறுத்தது. அன்று அலாம் அடித்த கலவரத்தில் வெந்தயம் ஒரு கிள்ளு கூடிப்போனது.

"வதனி தமக்கைமாருக்குக் குடுக்கேல்லையோ?"

"எந்தத் தமக்கை? வாளி வாளியா முழுக்க இஞ்சைதான். உங்களிட்டைச் சொன்னா ரோட்டுச் சனத்துக்கோ என்ரை தூள் எண்டு நீங்கள் நிப்பாட்டிப் போடுவியளெண்டு அவன் சொல்லேல்லை. பாவம் வதனி, பேச்சு வாங்கினது அவள்."

அவன் ஒரு சொசேஜை வேண்டுமென்றே வெடிக்க விட்டான். "உதைக் குறைக்கச் சொல்லி டொக்டர் எவ்வளவு சொன்னவர்" என்றான். பிறகு இடுக்கியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அம்மாக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். சொல்லு" என்றேன். தெரியாது.

"அப்ப கடைசியிலை சொல்லித்தான் இருக்கிறான். நல்லது. ஜூலையிலை நெஞ்சு ஒப்பிறேசனுக்கு நாள் குடுத்தவங்கள். சீசன் முடியட்டும், பனிக் காலத்திலை செய்வம் எண்டு தள்ளிப்போட்டான். வதனி அழுதவள், பாஸ்கரன் அண்ணை காசு தாறனெண்டவர், நானும் பேசினனான். கேக்கேல்லை. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவன்."

"ஏனாம்?"

"உங்களுக்குச் சொல்லேல்லையோ? 'அம்மா மறக்கமாட்டா மச்சான். நான் சுகமாகி வந்தாலும், எனக்கு எழுபது வயசானாலும், அவ என்னைச் சாகப்போறவனாத்தான் பாப்பா' எண்டவன்."

ரோட்டில் ட்ராம் வண்டி ஒன்று போனது. மரியதாஸ் தூளைத் தூவி என் கையில் தந்தான். நின்றுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமைப் பருப்பு மாதிரித்தான் இருந்தது. ஆரணிக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. உறைப்பு என்றாள்.

வீட்டுக்கு வந்து வதனியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயம் உரித்து வைத்தேன்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

காலையில் கேற்றறிங்காரன் தட்டுத் தட்டாக இறக்கினான். பாஸ்கரன் நண்டும் கணவாயும் சொல்லியிருந்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹொட்டோக்கை விட்டுவிட்டான். மரியதாஸ் தன் வண்டிலைத் திறக்காமல் வந்து, வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டினான். பாஸ்கரன் பின்கதவில் வந்து நின்றான்.

"அம்மா, நான் சொன்னனானெல்லோ. சாமி அறை இருக்கிற வீடு. ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கந்தசட்டி ஐஞ்சாம் நாள், விரதம் எண்டு தண்ணி மட்டும் குடிச்ச நீ, சந்தைக்குப் பின்னாலை இருந்த சாப்பாட்டுக் கடையிலை மாட்டு ரோல்ஸ் திண்டனி. கடலைப் பேப்பரிலை வாயைத் துடைச்சுக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை திருநீறு பூசினனி. ஆக்களெல்லாம் வரட்டும். அவைக்குச் சொல்லட்டோ, எத்தினை ரோல்ஸ் எண்டு?"

"அம்மா!"

"ரெண்டாவதுக்குச் சட்னியும் கேட்டனி."

மரியதாஸ் புகைக்குள் திரும்பி நின்று இருமினான். பாஸ்கரன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். பிறகு பணிஸ் பையை எடுத்துப் பிரித்துக் கொடுத்தான். கொடுக்கும்போது, "தம்பிதான் அந்த ரோல்ஸை வாங்கித் தந்தவன்" என்றான். இது எனக்குத் தெரியாது.

ஆரணி தன்னுடையதைச் செய்தாள். பூப்போல விரிந்தது, கெச்சப் ஒரு கோடு. மரியதாஸ் வெடித்ததைச் செய்தான். என் தூளை நான் தூவினேன். பேணி அதோடு முடிந்துபோனது.

இலையில் வைக்கப் போகையில் வதனி குளிர்ப்பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்து வந்தாள். மரக்கறியில் செய்த சொசேஜ். தனியே கல்லில் போட்டு வாட்டி, பணிஸுக்குள் வைத்து, மேலே தேங்காய்ச் சம்பலை நிரப்பினாள். பழகின கை.

"ஆடிக்குப் பிறகு நான் இதைத்தான் கட்டிக் குடுத்துவிடுறனான் மாமி. இறைச்சி வேண்டாமெண்டு." காதைத் தடவவில்லை. "சாப்பிட்டதெண்டுதான் வந்து சொல்லுவார்."

மரியதாஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாப்பிட்டவன்" என்று நான் சொன்னேன். "நேற்று மரியதாஸ் சொன்னவன். ஒரு நாளும் மிச்சம் விடேல்லையாம்."

மரியதாஸ், "ஓம்" என்றான்.

வதனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமி, உங்களுக்கு..."

"தெரியும். இலையைப் போடு. நேரமாகுது."

நண்டுக்கும் கணவாய்க்கும் நடுவில் மூன்று ஹொட்டோக்கையும் வைத்தோம். விளக்கை ஏற்றிக் கதவைச் சாத்தினோம். முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். வதனியின் தமக்கைமார் ஒப்பாரி வைத்தார்கள், நல்ல குரல். பாஸ்கரனின் ஒவ்பீஸ்காரி ஒருத்தி, "வட் டிட் யுவர் பிரதர் டூ?" என்று கேட்டாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். பாஸ்கரன், "ஹொட்டோக்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. சாத்தின கதவில் மேல்பக்கம் பெயின்ற் உரிந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திறந்தபோது எல்லாம் வைத்தபடி இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

படையலை எடுத்துச் சந்தியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மரியதாஸ் வானை எடுத்தான், நானும் வதனியும் ஆரணியும் ஏறினோம். கிருபாவின் மூலையில், கறுத்த சதுரத்தில், இலையோடு வைத்தோம். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் கடற்பறவைகள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஆரணி திரும்பினாள், வதனி அவள் தலையைப் பிடித்து முன்னால் திருப்பினாள். நான் பார்க்கவில்லை. அந்த மூலையில் என்ன என்ன இருந்தது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும்.

செப்ரெம்பர் 8, திங்கள்

தூள் வறுத்தேன், கிருபா வீட்டுக் குசினியில். மரியதாஸுக்குக் கொடுத்துவிட வேண்டும், ஆட்கள் கேட்பார்கள். மிளகாய் கறுக்கிற நேரம் அலாம் அடித்தது. கையை எடுத்தால் கருகிவிடும், நான் கிளறிக்கொண்டு நின்றேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. வதனி ஓடிவந்து கதிரையைப் போட்டு ஏறிப் பேப்பரால் விசுக்கினாள். ஏறினபடியே, "என்னோடை கோவமோ மாமி?" என்று கத்தினாள்.

"இல்லை. விசுக்கு" என்றேன்.

வெந்தயம் இந்தமுறை அளவு.

பின்னேரம் யோசித்துப் பார்த்தேன். தூள் வழக்கில் வதனியை மன்னித்தாயிற்று. அவள் தமக்கைமாரையும். சத்தியத்தைக் காப்பாற்றினதற்காக மரியதாஸை. பேப்பரில் கிடந்தது என்று சொன்னதற்காகப் பாஸ்கரனை, ரோல்ஸையும் சேர்த்து. அட்டியலுக்காக நளாயினியை. போன் அடித்ததற்காக ஐயரை. இவர்களெல்லாம் உயிரோடு இருக்கிறார்கள், முகம் மறந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவனை மட்டும் மாட்டேன். வெடித்ததை எடுத்துத் தின்றவன், மஸ்டட்டை அடியில் பூசினவன், கதிரையில் ஏறி நின்று கீழே என்னைப் பார்த்துச் சிரித்தவன், எனக்கு மட்டும் சொல்லாமல் போனவன். சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

சின்னத்தம்பி கிருபாகரன்.